கடை முதலில் கை வைக்கும் முன்

மே மாதம் பிறந்தால் நம் கடை வாசலுக்குக் கடன் கேட்டு வருகிறவர்களைவிடக் கல்லூரி சீட்டு வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்கள் அதிகமாகி விடுகிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது முடிவுகள் வெளியாகும் முன்பே பையனின் பெயரும் படிக்கும் பள்ளியும் அவர்கள் கையில் இருக்கின்றன. அப்படி ஒருவரிடம் 2012-ல் ஏமாந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மளிகை, மொத்த வியாபார நண்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மகன் பிளஸ் டூவில் நடுத்தர மதிப்பெண். கணக்கில் மிகவும் சுமார். "அண்ணாச்சி, கவுன்சலிங்குக்கெல்லாம் எதற்கு அலைகிறீர்கள்? இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் சீட்டு உறுதி" என்றார் வந்தவர். சின்ன வெங்காயம் வாங்கிப் பட்டறை போட வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அசல் மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். பிறகு மனம் மாறிக் கேட்டபோது சான்றிதழும் வரவில்லை, பணமும் வரவில்லை. மகன் அந்தத் தனியார் கல்லூரியிலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் படித்தான். நான்கு ஆண்டுப் படிப்பை அரியர் எழுதி ஐந்தாம் ஆண்டில், 2017-ல், முடித்தான். அந்த ஆண்டு வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. என் பட்டறை காலி.

மகள் 2016-ல் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்த்தேன். உண்மையைச் சொன்னால், யோசித்து எடுத்த முடிவல்ல. கையில் பணமில்லை, அவ்வளவுதான். கடைத்தெருவில் பேச்சு வேறு. "பையனுக்கு இஞ்சினியரிங், பெண்ணுக்கு டிப்ளமோவா?" என்று பங்காளிகளே கேட்டார்கள். 2019-ல் டிப்ளமோ முடித்து, காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நடந்த கலந்தாய்வில் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. இடம் எடுத்தாள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாதே, பஸ்ஸில் திருச்சி போய் மாறித்தான் காரைக்குடி போனோம். 2022-ல் பட்டம் வாங்கினாள்.

இப்போது ஐந்தொகை போடுவோம். பத்தாவதுக்குப் பின் பிளஸ் டூ 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, மொத்தம் 6. டிப்ளமோ 3 ஆண்டு, நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. 3 ஆண்டு, அதுவும் 6. காலத்தில் ஒரு நாள்கூட நஷ்டமில்லை. இது தெரியாமல்தான் பாலிடெக்னிக் என்றால் "பின்தங்கிய வழி" என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். செலவைப் பாருங்கள். தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தது அரசு ஒதுக்கீட்டிற்கு ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டிற்கு 85,000 முதல் 87,000 ரூபாய். விடுதி, பஸ், புத்தகம் எல்லாம் தனி. அரசு பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டும் சேர்த்தாலே இதில் ஓர் ஆண்டுக் கட்டணத்திற்குப் பக்கத்தில் வராது. பின்னால் பொறியியல் கல்லூரிக்குக் கட்டுவதும் நான்கல்ல, மூன்றே ஆண்டு.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நடுவில் இறங்க ஓர் ஊர் இருப்பது. மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் டிப்ளமோ இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையை ஒருவர் பார்க்க வேண்டும் என்றால் அதோடு நிறுத்தலாம். 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சிக்குப் போகலாம். 1979-ல் உற்பத்தி தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை முதல் இன்றைய தனியார் ஆலைகள் வரை அரியலூர்ப் பக்கம் இயந்திரம் பார்க்கத் தெரிந்தவனுக்குக் கதவு உண்டு. பி.இ. இரண்டாம் ஆண்டோடு நின்றவன் கையில் என்ன இருக்கிறது? பிளஸ் டூ சான்றிதழும் நம் கடன் பாக்கியும்தான்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இந்த வழி ஒத்து வராது. என் மகளே நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த முதல் செமஸ்டரில் கணக்கில் தோற்றாள். மற்றவர்கள் பிளஸ் டூவிலும் முதலாண்டிலும் படித்து வந்த கணக்கை இவள் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த தேர்வில் எழுதித் தேறினாள். ஆனால் அந்த ஆறு மாதம் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். டாக்டராக வேண்டும் என்கிற பிள்ளையைப் பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் போட்டால் அந்தக் கதவை நாமே சாத்தியதாகும். ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வு எழுதவும் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2021 முதல் பொறியியல் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பத்தாவதோடு மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். அப்படிப்பட்ட பிள்ளை பிளஸ் டூவே படிக்கட்டும். மதிப்பெண் கைகொடுக்கவில்லை என்றால் அப்போதும் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓர் ஆண்டு கூடும், அவ்வளவுதான்.

என் பேரேட்டில் இன்னொரு பற்றும் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையை அரசு 2010-11 கல்வியாண்டு முதல் தருகிறது. அரசுக் கலந்தாய்வில் இடம் எடுத்தவருக்குத்தான் அது. மகனுக்குத் தரகர் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கியதால் அவனுக்குக் கிடைக்கவில்லை. மகள் கலந்தாய்வுக்குப் போனபோது வீட்டில் ஒரு பட்டதாரி இருந்ததால் அவளுக்கும் இல்லை. ஒரே அவசரத்தில் இரண்டு பிள்ளைகளின் சலுகையையும் தொலைத்த வியாபாரி நம் ஊரில் நான் ஒருவனாக மட்டும் இருக்க முடியாது.

அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்று வைத்திருக்கிறார்கள். குறைந்த செலவில் இரண்டு ஆண்டு அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் 1960-லேயே இதைத் திட்டமாகப் போட்டு நடத்தியது. சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் தொடங்கியவை வேலைக்கான பயிற்சியை நோக்கமாகக் கொண்டவை. அமெரிக்க முறைக்கு நம்மிடம் ஈடாக இருப்பது பாலிடெக்னிக்தான். அங்கே அதில் சேருவதைக் குடும்பக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. இங்கே நினைக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் பி.இ. என்று போட்டால், அவன் எந்த ஆண்டில் நுழைந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மே 5 வணிகர் தினத்திற்குக் கடையடைத்துவிட்டு மாநாட்டிற்குப் போகிறோம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரையும், மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். உறுப்பினர்கள் பிள்ளைகளையும் மதிப்பெண் பட்டியலையும் கூட்டி வரட்டும். மைக், மேடை, சால்வை எதுவும் வேண்டாம். டீ, வடைச் செலவு என்னுடையது.