படகின் ரீங்காரம் பாராட்டுக்குரியதா?

தோழியரே, லேசர் என்பது ஒருவரே செலுத்தும் சிறு பாய்மரப் படகு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பெண் நேத்ரா குமணன் செலுத்தியது இவ்வகைப் படகையே. வேகம் கூடியதும் இத்தகைய படகுகள் சில ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கும். சுக்கான் பிடித்த கையும் அதிரும். “ஆகா, பறக்கிறோம்!” என்று அதில் மகிழ்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகை, சுக்கான் ஆகியவற்றின் பின்விளிம்பு தடித்திருந்தால், நீர் இருபுறமும் மாறி மாறிச் சுழித்துப் பிரியும். ஒவ்வொரு சுழியும் பலகையை ஒரு தட்டுத் தட்டும். காற்றில் கம்பி பாடுவதும் இவ்வாறே. வேகம் கூடினால் அதன் சுருதி ஏறும், கம்பி தடித்தால் இறங்கும் என 1878-இலேயே ஸ்ட்ரௌஹால் என்ற அறிஞர் ஆராய்ந்து சொன்னார். அந்தத் தட்டல் பலகையின் இயல்பான அதிர்வோடு பொருந்தினால், பாடத்தில் நாம் படிக்கும் ஒத்ததிர்வுதான். உள்ளீடற்ற படகு வீணைக் குடமாகிவிடும்! ஆனால் அந்தக் கச்சேரிக்குச் செலவாவது காற்று நமக்குத் தந்த ஆற்றல் அல்லவா?

பின்விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து மெலிதாக்கினால் ஓசை பெரும்பாலும் அடங்கும். போட்டிப் படகாயின், விதிகள் இடந்தருமா என்று பார்த்த பின்பே அரத்தைத் தொட வேண்டும்.