அயலார் அன்பும் அடைத்த கதவுகளும்

மிதிவண்டியில் தன்னந்தனியே நெடுந்தொலைவு சென்று வந்தவர்கள் சொல்லும் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். முன்பின் அறியாத ஒருவர் சோறிட்டார், மற்றொருவர் திண்ணையில் படுக்க இடம் தந்தார், பிறிதொருவர் பஞ்சர் ஒட்டிவிட்டுக் காசு வாங்க மறுத்தார் என்று அவர்கள் சொல்லும்போது நம் கண்கள் பனிக்கின்றன. உலகில் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தப் பெருமூச்சோடுதான் நமக்கு வழக்கு. அந்த நல்லவர்களின் வரிசையில் நாம் நிற்கிறோமா என்று நாம் ஒருபோதும் கேட்டுக்கொள்வதில்லை.

ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியாவின் பயணத்தைப் பலரும் அறிவர். ஒடிசாவில் நெசவுத் தொழில் செய்த தலித் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அமரவிடாமல் ஒதுக்கப்பட்டவர். டெல்லியில் ஓவியம் பயின்ற நாளில் கன்னாட் பிளேஸ் நடைபாதையில் வழிப்போக்கர்களின் முகங்களை வரைந்து பிழைத்தார். 1975-இல் அங்கே படம் வரைந்துகொள்ள வந்த சுவீடன் நாட்டுப் பெண் ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவரைத் தேடிச் செல்ல விமானக் கட்டணம் ஏது? 1977 சனவரியில், இருந்ததை விற்று வாங்கிய பழைய மிதிவண்டியில் தனியே புறப்பட்டார். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பாவை அடைந்து, நான்கு மாதங்களுக்குப் பின் சுவீடனில் அவரைக் கண்டார். வழியெங்கும் மக்களின் முகங்களை வரைந்து கொடுத்தார்; அவர்கள் உணவும் உறைவிடமும் தந்தார்கள். பிறந்த ஊரில் தீட்டு என்று விலக்கப்பட்டவர், மொழி தெரியாத நாடுகளில் விருந்தினராக அமர்த்தப்பட்டார்.

இன்னொரு பயணமும் உண்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் தொடர்வண்டிகள் நின்றுபோன வேளையில், மகாராட்டிரத்தின் சாங்லியிலிருந்து ஒடிசாவின் ஜாஜ்பூருக்கு இருபது வயதுத் தொழிலாளி ஒருவர் தன்னந்தனியே மிதிவண்டியில் சென்றார். ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்; ஏழு நாட்கள். அவரைக் காதல் அழைக்கவில்லை. வேலை நின்று, கைக்காசு கரைந்த நிலை துரத்தியது. அடுத்த மாதம் நம் சென்னையிலிருந்தும் தொழிலாளர்கள் எஞ்சிய பணத்தில் மிதிவண்டி வாங்கி வடக்கு நோக்கி மிதித்தார்கள். நம் வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர்கள் அவர்கள். அவர்கள் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் உச்சுக்கொட்டினோம்.

போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்; புதியவர்களும் வந்தார்கள். ஆவடியை ஒட்டிய நம் கோவில்பதாகையில் விடியற்காலையில் தெருமுனையில் நின்று பாருங்கள். உணவுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பழைய மிதிவண்டிகளில் வேலைக்குப் போகும் இளைஞர்களைக் காணலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் என்று பல மாநிலத்தவர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளால் நாடறிந்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் ஆலை அமைந்தது நம் பக்கத்து அம்பத்தூரில். நாட்டுக்கு மிதிவண்டி செய்து கொடுத்த வட்டாரம் இது. அந்த மிதிவண்டியில் வந்து இறங்குபவனுக்கு நாம் என்ன செய்கிறோம்?

பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து நாங்கள் சிலர் பேசிக்கொண்டு நின்றோம். ஒடிசா இளைஞர் ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அரைகுறைத் தமிழில், “அண்ணா, ரூம் வாடகைக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார். எங்கள் வீட்டு மாடி அப்போது காலியாகத்தான் இருந்தது. இல்லை என்றோம். “சரி அண்ணா” என்று சொல்லி அவர் போய்விட்டார். சற்று முன்புதான் நற்கருணை பெற்றிருந்த வாய் அது.

“காலம் கெட்டுக்கிடக்கிறது, முன்பின் தெரியாதவனை எப்படி நம்புவது?” என்று கேட்பீர்கள். நியாயமான அச்சமே. ஆனால், மகாநந்தியாவுக்குக் கதவு திறந்த வீடுகளிலும் மனைவி மக்கள் இருந்தார்கள். திருட்டுப் போகும் பொருள்களும் இருந்தன. எச்சரிக்கை வேண்டுமா? அடையாள அட்டையின் நகலை வாங்குங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், காவல் நிலையத்தில் விவரம் கொடுங்கள். தமிழ் பேசும் குடித்தனக்காரரிடமும் செய்ய வேண்டியதுதானே அது? அவற்றைச் செய்த பிறகும் “வடக்கத்தியானுக்கு இல்லை” என்று சொன்னால், அதற்கு எச்சரிக்கை என்று பெயரில்லை. வெறுப்பு என்றே பெயர். சாதி கேட்டு வீடு கொடுக்கும் பழக்கத்தை விட முடியாத நமக்கு, மொழி கேட்டு மறுப்பது எளிதாகவே வருகிறது.

நம் மூதாதையரிடமேனும் கற்றிருக்கலாம். தொல்காப்பியத்தில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதிதாய் வந்தவர். உறவினருக்கு இலை போட்டுவிட்டு விருந்தோம்பினோம் என்று சொல்லிக்கொள்வது பிற்காலத்து வசதி. விவிலியமும் அப்படியே. ஆபிரகாம் கூடார வாயிலிலிருந்து ஓடிச்சென்று வரவேற்ற மூவரும் அவருக்கு அறிமுகமற்றவர்கள். எம்மாவு சீடர்கள் வழிப்போக்கரை வற்புறுத்தித் தங்க வைத்திராவிட்டால், அப்பம் பிட்கையில் ஆண்டவரைக் கண்டிருக்கமாட்டார்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் தீர்ப்பில், அந்நியரை ஏற்றுக்கொண்டோமா என்பதும் ஒரு கேள்வி. 2020 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘ஃபிராத்தெல்லி தூத்தி’ சுற்றுமடல், நல்ல சமாரியர் உவமைக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது. அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் விலகிப் போன இருவரும் ஆலயப் பணியாளர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறித்தவர்களின் வீடுகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டபோது நாம் கொதித்தோம், செபித்தோம். அந்த மாநிலத்து மகன் இன்று நம் படியேறி வந்து இடம் கேட்கிறான். அவன் கிறித்தவனா என்று விசாரித்த பிறகே மனமிரங்குவோமானால், சமாரியர் உவமை நமக்குப் புரியவில்லை என்றாகும்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம். வாடகைக்கு வீடு வைத்திருப்போர் மாநிலம் கேட்டு மறுப்பதை இன்றோடு நிறுத்தட்டும். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஒருமுறையேனும் சென்று காணட்டும். தனியாக நெடும்பயணம் வருபவர் எவராயினும், ஓரிரவு படுக்க ஒரு பாய்க்கும் ஒரு குடம் தண்ணீருக்கும் ஆலய வளாகத்தில் இடம் இருக்கட்டும்.

பதாகை என்றால் கொடி. திருவிழாத்தோறும் வெகு உயரத்தில் கொடியேற்றுகிறோம். நெடுந்தொலைவிலிருந்து வருபவர் கண்ணுக்கு அது தெரிகிறது. அதை நம்பி வருபவர் நம் கதவு அடைத்திருக்கக் கண்டு திரும்பினால், அந்தக் கொடி பொய் சொல்கிறது. எங்கள் மாடி வீட்டில் இப்போது வேறு குடித்தனம் இருக்கிறது. அந்த இளைஞரை அதன்பின் நாங்கள் பார்க்கவேயில்லை.