கொடக்கன்பிள்ளை வென்றிருந்தால்

சென்ற தவணையில் ஹட்டனில் நடக்கும் எங்கள் சனிக்கிழமை டியூஷன் வகுப்பில் வரலாற்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். கடந்துபோன நாட்களில் ஒன்றை மாற்ற உங்களுக்கு அனுமதி கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்? அன்றைய பாடம் அமெரிக்க உள்நாட்டு யுத்தம். அதனால் பதில்களும் அங்கேயே சுற்றின. 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்க்கப் போயிருக்கக் கூடாது என்றாள் ஒருத்தி. அடிமைகளை ஏற்றிய முதல் கப்பலே கரை சேர்ந்திருக்கக் கூடாது என்றாள் இன்னொருத்தி. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் என் சிநேகிதி மட்டும், "1948 ஓகஸ்ட் 20, சேர்" என்றாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அது என்ன நாள் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தேயிலை மலைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு லிங்கன் சுடப்பட்ட இரவு தெரிந்திருந்தது.

அந்த நாளில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நவம்பர் 15ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்தவர் என்பது மட்டும் இனிப் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. பிறப்புகளைப் பதியும் வழக்கமே இந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் வந்தது. பூட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கேட்டால் கொழும்பில் பெரிய வீடுகளில் இருந்தவர்களே திணறியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. லயத்தில் இருந்தவர்களிடம்தான் கேட்டார்கள். ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு, 1949இல், தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு அவர்களது வாக்கும் போனது.

ஏன் இந்த அவசரம் என்பதற்கு 1947 தேர்தல் முடிவைப் பார்த்தால் போதும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை என்று நம் மலைகளே பாராளுமன்றம் போயிருந்தன. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன. ஐக்கிய தேசியக் கட்சிக்கோ 95 தொகுதிகளில் 42 மட்டுமே கிடைத்தன. தனித்து ஆளப் பெரும்பான்மை இல்லாத அரசாங்கம் அது.

இங்கே வந்ததும் எல்லோரும் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் அமைச்சர் பதவியை ஏற்காமல் இருந்திருந்தால், செல்வநாயகம் பிரியாமல் இருந்திருந்தால் என்று நீளும் விவாதம் அது. நான் கேட்க விரும்புவது வேறு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக இருந்தவர் ரீ. பீ. ஜாயா. ஸாஹிராவைக் கட்டியெழுப்பியவர் என்று நாம் கைதட்டிப் பேசும் அதே ஜாயா. தொழிலாளருக்கான அமைச்சர் அவர். நாட்டிலேயே பெரிய தொழிலாளர் கூட்டம் நாடற்றதானது அவர் காலத்தில். அவரது பணிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் நமது மேடைகளில் அவரைப் பற்றிய பேச்சுக்கள் இந்த இடத்தைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

என் சிநேகிதி ஒரு நாளைச் சொன்னாள். இந்தக் கதையைத் தேடி வாசித்த பிறகு நான் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். அது பலருக்கும் தெரியாத ஒரு வழக்கு.

றுவன்வெல்லைத் தொகுதியில் கொடக்கன்பிள்ளை என்ற இந்தியத் தமிழர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டார். பிரஜை இல்லை என்று மறுக்கப்பட்டது. விஷயம் இடாப்பைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரத்திடம் வந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று சொல்கிறது. அதை வைத்து அந்த அதிகாரி, சட்டமே செல்லாது, பெயரைச் சேருங்கள் என்று தீர்ப்பளித்தார். ஒரு சாதாரண அரச உத்தியோகத்தர் நாட்டின் பாராளுமன்றத்தைப் பார்த்து இப்படிச் சொன்னதை நான் இரண்டு தடவை வாசித்தேன். 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் கொடக்கன்பிள்ளையின் மேன்முறையீட்டைத் தள்ளியது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லை, யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒவ்வொரு நாட்டினதும் உரிமை என்றார்கள். போய்வரும் பழக்கமுள்ள மக்கள் என்ற வாதத்தையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். லிங்கன் இறந்து மூன்று வருடங்களில், 1868இல், அங்கே 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. விடுதலையான அடிமைகளுக்காக எழுதப்பட்ட அது, அந்நாட்டில் பிறந்தவர் அந்நாட்டுப் பிரஜை என்றது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வொங் கிம் ஆர்க் என்ற சீனச் சமையற்காரர் 1895இல் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, நீ பிரஜை இல்லை என்று துறைமுகத்திலேயே தடுத்தார்கள். அவர் வழக்காடினார். 1898இல் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதியரசர்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அவரும் போய்வருகிற ஆள்தான். பெற்றோரும் வெளிநாட்டவர்தான். ஆனால் வென்றார்.

வென்றதால் சீனர்களுக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. அவர்களை வெளியே நிறுத்தும் சட்டம் 1943 வரை இருந்தது. ஆனாலும் அங்கே பிறந்த பிள்ளையின் கையில் யாரும் பறிக்க முடியாத ஒன்று இருந்தது.

அதனால்தான் கொடக்கன்பிள்ளை வென்றிருந்தால் யுத்தமே வந்திருக்காது, நாடு சிங்கப்பூர் ஆகியிருக்கும் என்றெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரத்துக்கு யாராலும் பார்க்க முடியாது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கலாம். 1956 தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்திருப்பார்கள். உண்மையில் 1952இலிருந்து 1977இல் தொண்டமான் வெல்லும் வரை மலையக மக்கள் வாக்களித்து அனுப்பிய பிரதிநிதி ஒருவர் கூட இல்லை. அந்த இருபத்தைந்து வருடங்களும் சாதாரண வருடங்கள் அல்ல. இலவசக் கல்வி நாடெங்கும் பரவிய காலம், பெரிய பாடசாலைகளும் வீதிகளும் ஆஸ்பத்திரிகளும் வந்த காலம். தோட்டப் பாடசாலை அப்போதும் ஒரு கொட்டிலாகவே இருந்தது. தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகையில் அவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அவர்கள் தலைக்கணக்கில் கிடைத்த ஆசனங்களுக்கு மற்றவர்கள் வாக்களித்தார்கள்.

1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தமும் அவ்வளவு இலகுவாக நடந்திருக்காது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று சிறிமாவோவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள். வாக்குள்ள மக்களை இப்படித் தட்டில் போட்டு நிறுக்க எந்த அரசியல்வாதிக்குத் துணிவு வரும்? என் சிநேகிதியின் பாட்டனாரின் தமையன் குடும்பம் அந்தக் கணக்கில்தான் தலைமன்னாரில் கப்பலேறி, இன்று நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது. இரண்டு வீட்டாரும் கொழுந்துதான் பறிக்கிறார்கள்.

தோட்டத் தலைவர்களும் தவறினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. மணமானவர் ஏழு வருடமும் மற்றவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்து, இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிக்கச் சொன்னது. பிறகு கடைசி நேரத்தில் விண்ணப்பிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போய், சுமார் 134,000 பேருக்கே கிடைத்தது.

அந்தச் சட்டத்தின் பெயரில் "பாகிஸ்தானிய" என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். நம்மில் பலரது வீட்டுக் கதையும் அதற்குள் இருக்கிறது. என் உம்மும்மாவின் வாப்பா தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து தோட்டத்துச் சந்தியில் கடை வைத்தவர். அவரும் அதே படிவத்தை நிரப்பியவர்தான். வாடகைப் பற்றுச்சீட்டு, கடை லைசென், கொழும்பு மொத்த வியாபாரியின் கடிதங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. அவருக்குக் கிடைத்தது. லயத்து ஆட்களிடம் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் மாதாமாதம் அரிசியும் கருவாடும் வாங்கியது எங்கள் கடைக் கடன் கொப்பியில் திகதியோடு இருந்தது. அதைச் சாட்சியாக வைத்து ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று ஒருவர் கேட்டு வந்தாராம். என்னுடையதே இன்னும் வரவில்லை, இதில் கையெழுத்துப் போட்டு நான் மாட்டிக்கொள்வதா என்று வாப்பா அனுப்பிவிட்டாராம். உம்மும்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்றும் சொல்வார். இருந்திருக்கலாம். அந்தக் கடிதம் மட்டும் போதுமானதாக இருந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். வந்தவரின் பெயர் உம்மும்மாவுக்கு ஞாபகம் இல்லை.

1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் நாடற்ற நிலை கடைசியில் தீர்ந்தது. என் சிநேகிதியிடம் இன்று தேசிய அடையாள அட்டை இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. இதை வாசிக்கும் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் பழைய கடை வைத்திருந்த குடும்பங்களில் 1940களின், 50களின் கடன் கொப்பிகள் எங்கேனும் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தோட்டம், டிவிஷன், ஆளின் பெயர், திகதி எல்லாம் அவற்றில் இருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று அலுமாரிக்கு மேலே இருந்தது. மூலைகளைக் கறையான் தின்றிருக்கிறது. பெயர்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன. இந்த விடுமுறையில் சிநேகிதி வருகிறாள். முதல் பக்கத்திலிருந்து இருவரும் சேர்ந்து எழுதி எடுக்கப் போகிறோம்.