அணைப்பதற்கு முன் ஒரு சொல்

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் கடைசி மணி அடித்தபின் ஆசிரியருக்கு மிஞ்சும் வேலை ஒன்று உண்டு. வரிசை வரிசையாகச் சென்று, திறந்து கிடக்கும் கோப்புகளை மூடி, ஒவ்வொரு கணினியாக அணைப்பது. எல்லாக் கணினிகளும் ஒரே உள்ளகப் பிணையத்தில் இணைந்திருந்தால் இந்த நடை தேவையில்லை. ஆசிரியர் மேசையிலிருந்து ஒரே கட்டளையில் அறை முழுவதையும் அணைத்துவிடலாம். இது சின்ன வசதியாகத் தோன்றும். ஆனால் பாலக்காட்டின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அறைகளில் இந்த வசதி ஒரு மொழிக் கேள்வியையும் எழுப்புகிறது.

தொலைவிலிருந்து அணைக்கும் அதிகாரம் வேண்டியதே. ஒரு கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுக்கின்றன என்று கொண்டால், 15 கணினிகள் அணைக்கப்படாமல் இரவு 14 மணி நேரம் ஓடும்போது 21 யூனிட் மின்சாரம் வீணாகிறது. துலாவர்ஷ மாதங்களில் கேரள மலைப்பகுதிகளில் பிற்பகலில் இடி மின்னல் சூழ்ந்துவிடும். மின்தடை வந்தால் யு.பி.எஸ். தாங்கும் சில நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் முறையாக அணைத்தாக வேண்டும். அதன்பின் செருகிகளையும் பிணையக் கம்பிகளையும் கையால்தான் பிடுங்க வேண்டும் என்றாலும், முதற்பாதி வேலையைக் கட்டளை செய்துவிடுகிறது.

இணைப்பு வசதியைத் தருவதுபோலவே ஆபத்தையும் கொண்டுவரும் என்பதைப் பாலக்காடு முன்பே கண்டிருக்கிறது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல், அடுத்த சில நாள்களில் தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கணினிகள் சிலவற்றையும் முடக்கியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. திருத்தப்படாத ஒரு கணினியில் நுழைந்த தீநிரல், யாரும் எதையும் சொடுக்காமலேயே பிணையத்தின் வழியாக அடுத்த கணினிக்குத் தாவியது. இத்தகைய நேரத்தில் பிணையத்தைத் துண்டிப்பதும், பாதிக்கப்படாத கணினிகளை உடனே அணைப்பதும் உதவும். ஆயினும் அப்போதே மற்றொன்றும் தெரிந்தது. பூட்டப்பட்ட கோப்புகளை மீட்க ஆய்வாளர்கள் உருவாக்கிய கருவிகள் சில, அணைக்கப்படாத கணினிகளில் மட்டுமே பயன்பட்டன. நினைவகத்தில் தங்கியிருந்த எண்களைக் கொண்டுதான் அவை திறவுகோலை மீட்டன. அணைப்பது எப்போதும் தீங்கற்ற செயல் என்று கருதிவிட முடியாது.

கட்டளையை வடித்தவர்கள் இதை அறிந்தே இருந்தனர். யுனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், அணைக்கும் கட்டளை அமர்ந்திருப்பவர்களுக்கு முன்னறிவிப்பு அனுப்பிவிட்டே வேலையைத் தொடங்கும். இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவற்றில், நேரம் குறிப்பிடாமல் கட்டளையிட்டால் ஒரு நிமிட அவகாசம் தானாகவே கிடைக்கும். விண்டோஸில் அந்த அவகாசம் 30 நொடி. உடன் 512 எழுத்துக்குறிகள் வரை செய்தியும் எழுதலாம். பல பேர் ஒரே பெரிய கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் பிறந்த நாகரிகம் இது. ஒருவருடைய உத்தரவால் இன்னொருவருடைய உழைப்பு அழியக்கூடும் என்பதால், முதலில் சொல், பிறகு செய் என்று விதித்தார்கள்.

இன்றைய பள்ளி அறையில் அந்த நாகரிகம் இரண்டு இடங்களில் அறுந்துபோகிறது.

முதலாவது, தொழில்நுட்பம். லினக்ஸின் பழைய முன்னறிவிப்பு கட்டளைச் சாளரங்களுக்கே சென்று சேர்கிறது. வரைகலைத் திரையில் லிப்ரே ஆபிஸ் திறந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கும் மாணவி அதைப் பெரும்பாலும் காணமாட்டாள். விண்டோஸிலோ, அவகாசம் கொடுத்து அணைக்கும்போது நிரல்களை வலிந்து மூடும் உத்தரவும் கூடவே இணைந்துவிடுகிறது. சேமிக்காத வேலை போய்விடலாம். தானியங்கி மீட்பு இருந்தாலும், கடைசிச் சேமிப்புக்குப் பின் எழுதியது திரும்பும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது, மொழி. முன்னறிவிப்பு திரையில் வந்தாலும் அது எந்த மொழியில் வருகிறது? ஒன்று ஆங்கிலம், அல்லது, யாரேனும் அக்கறையோடு எழுதியிருந்தால், மலையாளம். தமிழ்வழியில் பாடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, 30 நொடிக்குள் அந்த வாக்கியத்தைப் படித்து, பொருள் உணர்ந்து, கோப்புக்குப் பெயரிட்டுச் சேமிக்க வேண்டும். படிக்க முடியாத அறிவிப்பு அறிவிப்பாகாது. பாடநூல் தாய்மொழியில் இருக்க, எச்சரிக்கை மட்டும் பிறமொழியில் இருப்பது, வகுப்பைத் தமிழில் நடத்திவிட்டு அபாயச் சங்கை மட்டும் வேறு ஊருக்கு ஊதுவது போன்றது.

சட்டம் இங்கே எவ்வளவு துணை நிற்கும்? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியின் இயக்கத்தைக் குலைப்பதைத் தடுக்கிறது. விளையாட்டாக அடுத்த வரிசைக் கணினியை அணைத்துப் பார்க்கும் மாணவனைக்கூட அது தொடக்கூடும். ஆனால் பொறுப்பாளரே அணைக்கும்போது, எதிரில் அமர்ந்திருப்பவரின் சேமிக்காத உழைப்பு அந்தப் பிரிவின் பார்வைக்கு வருவதில்லை. சட்டம் காப்பது பெட்டியின் உடைமையை. பெட்டிமுன் அமர்ந்திருப்பவரைக் காக்க வேண்டியது நிறுவனத்தின் ஒழுங்குமுறை.

மொழி குறித்தும் அப்படியே. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதே ஆண்டின் ஏழாம் அரசமைப்புத் திருத்தம், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலைக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யும் 350அ உறுப்பைச் சேர்த்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தந்தது. அன்றைய சட்டங்களுக்கு அரசு என்பது கடிதமும் கச்சேரியும் பள்ளிக்கூடமும்தான். இன்று அரசு ஒரு பிள்ளையிடம் பேசும் இடங்களில் கணினித் திரையும் ஒன்று. கடிதத்துக்கு வழங்கிய மதிப்பைத் திரைக்கும் வழங்குவதே அந்தச் சட்டங்களின் உள்ளக்கிடக்கைக்கு நேர்மையாக இருக்கும்.

இது மிகையான கவலை என்று சிலர் சொல்லலாம். பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் அறிந்தவர்கள்தானே, ஆசிரியர் வாயால் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். ஆசிரியர் அறையில் இருக்கும்போது அது போதும். ஆனால் தொலைவிலிருந்து அணைக்கும் ஏற்பாட்டின் பொருளே, அணைப்பவர் அறையில் இல்லாதிருக்கலாம் என்பதுதான். குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கட்டளையில் அணைப்பவர் என்று ஒருவரே இல்லை. அங்கே திரையில் தோன்றும் ஒற்றை வாக்கியம்தான் ஆசிரியரின் குரல்.

தீர்வுக்குப் பெரும்பொருள் வேண்டாம். கேரளம் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மீது கட்டிய மாநிலம். ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழிவந்த கைட் நிறுவனம் தனக்கென லினக்ஸ் வழங்கலையே பள்ளிகளுக்குத் தருகிறது. எபாப்டிஸ் போன்ற கட்டற்ற ஆய்வக மேலாண்மை நிரல்கள் மாணவர் திரையிலேயே செய்திப் பெட்டியைத் தோன்றச் செய்யவும், பிறகு அணைக்கவும் வல்லவை. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு மேற்பார்வையாளர் என்று பொருள். மேற்பார்வை என்பது வெறும் கண்காணிப்பாகச் சுருங்காதிருக்க நான்கு நெறிகள் போதும். தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஆய்வகங்களில் முன்னறிவிப்பு தமிழிலும் வர வேண்டும். அவகாசம் ஐந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மின்தடை, தீநிரல் போன்ற நெருக்கடி மட்டும் விதிவிலக்கு. அணைப்பைத் தள்ளிவைக்கக் கோர மாணவருக்கு வழி இருக்க வேண்டும்.  யார், எப்போது, ஏன் அணைத்தார் என்பது பதிவேட்டில் ஏற வேண்டும்.

அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுத வல்லுநர் குழு கூட வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் லிட்டில் கைட்ஸ் மாணவர்களிடமே அதை ஒப்படைக்கலாம். “ஐந்து நிமிடத்தில் இந்தக் கணினி அணையும், உங்கள் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.” சித்தூரிலோ மூணாற்றிலோ ஒரு மாணவி எழுதிய இந்த வரி, இன்னொரு மாணவியின் ஒரு மணி நேர உழைப்பைக் காக்கும்.