நான்கு ‘ஐந்தில் ஒன்றுகள்’: அயர்லாந்தின் எல்லைகளும் ‘மரபு’ என்னும் சொல்லும்

ஐரிஷ் மொழியில் மாகாணத்துக்கு வழங்கும் சொல் ‘கூய்கெ’. ‘கூய்க்’ என்றால் ஐந்து. ‘கூய்கெ’ என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அயர்லாந்தின் மாகாணங்கள் இன்று நான்குதான்: அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கானாக்ட். இதற்கு இணையான இன்னொரு வேடிக்கையும் அத்தீவில் உண்டு. டிப்பரரி கவுண்டி 1838இல் வடக்கு, தெற்கு என இரண்டு ‘ரைடிங்’குகளாகப் பிரிக்கப்பட்டது. ரைடிங் என்பது நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் பொருள் மூன்றில் ஒரு பங்கு. ஆக, ஒரே தீவில் நான்கு ஐந்தில்-ஒன்றுகளும் இரண்டு மூன்றில்-ஒன்றுகளும் இருந்திருக்கின்றன. சிரித்துவிட்டுக் கடந்துவிடக்கூடிய செய்திதான். ஆயினும், எண்ணிக்கை மாறியும் சொல் மாறாமல் நிற்கும் இடங்களே ஒரு நிலத்தின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடங்கள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறைகளில் யேட்ஸ், ஜாய்ஸ், ஹீனி ஆகியோர் தொடர்ந்து பயிலப்படுகின்றனர். அப்படிப்புக்குத் துணையாக வரும் வரைபடத்தில் நான்கு மாகாணங்களும் 32 கவுண்டிகளும் ‘அயர்லாந்தின் மரபான பிரிவுகள்’ என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் அடங்கிவிடுகின்றன. இத்தலைப்பு இருவகைப் பிழைக்கு வழிசெய்கிறது. அப்பிரிவுகள் எல்லாம் தொன்மையானவை, நிலத்தோடு பிறந்தவை என்று நம்புவது முதல் பிழை. அவற்றுள் பல ஆங்கில ஆட்சி வகுத்தவை என்று அறிந்தவுடன், அவையெல்லாம் போலியானவை என்று தள்ளிவிடுவது இரண்டாவது பிழை. இரண்டுமே, எந்தக் கோடு, எந்த ஆண்டில், யாருடைய தேவைக்காக வரையப்பட்டது என்ற கேள்வியைத் தவிர்க்கும் வழிகள்.

முதலில் அந்த ஐந்தாவது பங்கு. இடைக்கால ஐரிஷ் நூல்கள் தீவை ஐந்தாகப் பகுத்துப் பேசுகின்றன. ஃபிர் போல்க் என்னும் புராண மக்களின் தலைவர்களான ஐந்து சகோதரர்கள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டதாக ஒரு மரபு. மேற்குக்கு அறிவு, வடக்குக்குப் போர், கிழக்குக்கு வளம், தெற்குக்கு இசை, நடுவுக்கு அரசாட்சி என்று திசைகளுக்குக் குணம் வகுப்பது இன்னொரு மரபு. அந்த நடுப்பகுதியின் பெயர் ‘மிதெ’. ‘நடு’ என்பதே அதன் பொருள். தாரா குன்று அமைந்திருப்பது அங்கேதான். பின்னாளில் அது லென்ஸ்டருக்குள் கரைந்து, இன்று மீத், வெஸ்ட்மீத் என்னும் கவுண்டிப் பெயர்களாக மட்டும் எஞ்சியுள்ளது. ஐந்தாவது பங்கு எது என்பதிலும் அந்நூல்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. சில கதைகள் மிதெயை விட்டுவிட்டு மன்ஸ்டரை இரண்டாகக் கணக்கிடுகின்றன. ஐந்து என்ற எண் நிலைத்திருந்தது; அந்த ஐந்து எவை என்பது நிலைத்திருக்கவில்லை.

மாகாண எல்லைகளும் நகர்ந்துகொண்டேதான் இருந்தன. அல்ஸ்டரின் பெயருக்கு மூலமான உலாய்த் மக்களின் அரசு, வரலாற்றுக் காலத்தில் நெடுங்காலம் தீவின் வடகிழக்கு மூலைக்குள், இன்றைய ஆன்ட்ரிம், டவுன் கவுண்டிகளின் வட்டாரத்துக்குள் ஒடுங்கியிருந்தது. அல்ஸ்டர் கதைத்தொகுதியின் தலைசிறந்த காவியம், கூலி என்னும் பகுதியின் காளையைக் கவர வரும் படையெடுப்பைச் சொல்வது. அக்கதையில் கூலி உலாய்த் மக்களின் நிலம். இன்று அந்தக் கூலி தீபகற்பம் லவுத் கவுண்டியில் இருக்கிறது. லவுத் இருப்பதோ லென்ஸ்டரில். கிளேர் கவுண்டி 16ஆம் நூற்றாண்டில் கானாக்டோடு சேர்க்கப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் மன்ஸ்டருக்குத் திரும்பியது. இவ்வளவு நடமாட்டத்துக்குப் பிறகும் ‘தொன்மையான நான்கு மாகாணங்கள்’ என்று எழுதுவது பழக்கத்தின் காரணமாகவே.

நான்கு என்ற எண் உறுதிப்பட்டதில் திருச்சபைக்கும் பங்குண்டு. 1111இல் கூடிய ராத் பிரசில் ஆயர் பேரவை மறைமாவட்டங்களுக்கு எல்லை வகுத்தது. 1152இல் கூடிய கெல்ஸ் பேரவை அர்மா, டப்ளின், காஷெல், டூவம் என நான்கு பேராயர் இருக்கைகளை ஏற்றது. இவை நான்கும் ஏறக்குறைய நான்கு மாகாணங்களுக்கு ஈடானவை. ஏறக்குறைய மட்டுமே: கத்தோலிக்கத் திருச்சபையில் மீத் மறைமாவட்டம் இன்றும் டப்ளினுக்கு அன்றி அர்மாவுக்கு உட்பட்டது. லவுத்தின் பெரும்பகுதியும் அர்மா உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. அரசு வரைபடம் மறந்துவிட்ட பழைய உறவுகளைத் திருச்சபை வரைபடம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

மொழியியல் நோக்கில் இன்னும் அடிப்படையான ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஐரிஷ் சமூகத்தின் அடிப்படை அரசியல் அலகு ‘தூஅத்’. அச்சொல்லுக்கு மக்கள் என்றும் பொருள், அம்மக்களின் நிலம் என்றும் பொருள். லென்ஸ்டரின் ‘லாகின்’, கானாக்டின் ‘கொன்னாக்தா’ ஆகியவையும் முதலில் மக்கட்பெயர்களே. நிலத்துக்குப் பெயர் வைத்துவிட்டு அதில் மக்களைக் குடியமர்த்திய உலகமன்று அது. மக்கள் எங்கெல்லாம் பரவினரோ அங்கெல்லாம் பெயரும் சென்றது. அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர் என்னும் ஆங்கில வடிவங்கள், ஐரிஷ் மக்கட்பெயரோடு நார்ஸ் மொழியின் வேற்றுமை உருபான ‘ஸ்’ சேர்ந்து, அதன்மேல் நிலத்தைக் குறிக்கும் ‘தீர்’ என்னும் ஐரிஷ் சொல் சேர்ந்து உருவானவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வைக்கிங் வணிகரின் நாவும் ஆங்கில எழுத்தரின் பேனாவும் படியாத தூய மாகாணப் பெயரைத் தேடுவோர்க்கு அல்ஸ்டர் என்னும் சொல்லே மறுமொழி தந்துவிடுகிறது.

கவுண்டிகளின் கதை வேறு. அவை 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஆங்கில-நார்மன் ஆட்சியின் படைப்புகள். ஷெரிஃப் வரி தண்டுவதற்கும் நீதிமன்றம் கூடுவதற்கும் வகுக்கப்பட்டவை. ஐரிஷ் மொழியில் கவுண்டியைக் குறிக்கும் சொல்லும் நார்மன் பிரெஞ்சு வழி வந்த கடன்சொல்லே. டப்ளினை முன்னோடியாகக் கொண்டு தொடங்கிய இப்பணி, 1606இல் விக்லோ உருவானபோதுதான் நிறைவுற்றது. நானூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட இந்த வரைபடம், ஆங்கில ஆட்சி எந்த ஆண்டில் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கான அளவுகோல். 1556இல் குடியேற்றத்துக்காக வகுக்கப்பட்ட இரு கவுண்டிகளுக்கு அரசி மேரியையும் அவர் கணவர் ஃபிலிப்பையும் குறித்து ‘அரசியின் கவுண்டி’, ‘அரசரின் கவுண்டி’ என்றே பெயரிடப்பட்டது. அவை இன்று லீஷ், ஆஃபலி. 1613இல் லண்டன் வணிகச் சங்கங்களின் குடியேற்றத்துக்காகப் பழைய கோல்ரெயின் கவுண்டியோடு பக்கத்து நிலங்களைச் சேர்த்து லண்டன்டெரி கவுண்டி அமைக்கப்பட்டது. அதனை எப்பெயரால் அழைப்பது என்பதே இன்றுவரை ஓர் அரசியல் நிலைப்பாடு.

இங்கேதான் இரண்டாவது பிழைக்கான மறுமொழி தொடங்குகிறது. 1884இல் தர்லெஸ் நகரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுக் கழகம், ஆங்கில விளையாட்டுகளின் ஆதிக்கத்துக்கு எதிராக ஹர்லிங் முதலான சொந்த விளையாட்டுகளை மீட்க எழுந்த அமைப்பு. அக்கழகம் தன் போட்டிகளுக்கு அடிப்படை அலகாகக் கொண்டது, அதே ஆங்கில ஆட்சி வகுத்த கவுண்டியை. ஷெரிஃபின் எல்லை சில தலைமுறைகளில் ஊர்ப்பற்றின் எல்லையாகிவிட்டது. 1994இல் டப்ளின் கவுண்டி நிர்வாக அலகாக இல்லாமற்போய், அதன் இடத்தில் மூன்று புதிய கவுண்டிகள் வந்தன. ஆட்டக்களத்தில் இன்றும் டப்ளின் ஒன்றே. வட அயர்லாந்தில் 1973 முதல் கவுண்டிகள் உள்ளாட்சி அலகுகள் அல்ல. மக்கள் தம்மை டிரோன்காரர், அர்மாக்காரர் என்று சொல்லிக்கொள்வது அதனால் நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறான விதி ‘பாரனி’ என்னும் உட்பிரிவுக்கு நேர்ந்தது. பல பாரனிகள் பழைய தூஅத்களின் நிலத்தையும் பெயரையும் தாங்கியவை. அவ்வகையில் கவுண்டியைவிடத் தொன்மைக்கு நெருக்கமானவை. ஆனால் 1898ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் அவற்றுக்கு நிர்வாகப் பயன் இல்லாமற்போனது. அவற்றின் பெயரால் ஆடுவோரும் இல்லை, கடிதம் எழுதுவோரும் இல்லை. வேர் ஆழமானது மறைந்தது. மேலிருந்து நட்டது தழைத்தது. ஆகவே மரபு என்பதை வயதைக் கொண்டு அளக்க இயலாது. வழக்கைக் கொண்டே அளக்க வேண்டும்.

இவ்வேறுபாட்டைக் கருதாமல் பெயர்களைக் கையாள்வதன் விலை பெரிது. 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசுச் சட்டம் அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் ஆறை மட்டும் பிரித்து வட அயர்லாந்தை அமைத்தது. கேவன், மோனகன், டொனகல் வெளியே நின்றன. தீவின் வடகோடி முனை டொனகலில் இருக்கிறது. ஆனால் பேச்சுவழக்கில் டொனகல் ‘தெற்கு’. புதிய ஆட்சி தன் காவல்துறைக்கு 1922இல் ‘ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி’ என்று பெயரிட்டது. ஆறு கவுண்டிகளுக்கு ஒன்பது கவுண்டிகளின் பெயர் சூட்டப்படும்போது, புதியதோர் அரசு பழையதொரு நிலத்தின் வயதைக் கடன்வாங்கிக்கொள்கிறது. வெளியே விடப்பட்ட மூன்றின் நினைவும் மங்குகிறது. ஷெரிஃபின் வசதிக்காக வரைந்த கோடுகள், சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள பன்னாட்டு எல்லையாக இன்றும் வயல்களை ஊடறுக்கின்றன. இந்நிலையில் ஆய்வுக்கட்டுரை ஒன்றில் ‘அல்ஸ்டர்’, ‘வட அயர்லாந்து’ என்னும் இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றாக எழுதுவது வெறும் சொற்பிழை அன்று. தெரிந்தோ தெரியாமலோ ஒரு தரப்பில் நிற்பது.

இந்த அடுக்கின் அடித்தளத்தில் இருப்பது டவுன்லேண்ட். சில வயல்களும் சில வீடுகளும் கொண்ட மிகச்சிறு நில அலகு. தீவு முழுதும் 60,000க்கு மேல் உள்ளன. 1824இல் தொடங்கிய ஆர்டனன்ஸ் நிலஅளவை இப்பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்றியது. அதில் ஐரிஷ் மொழியில் கோவிலும் காடும் ஆன இருவேறு சொற்கள் ‘கில்’ என்ற ஒரே வடிவத்துக்குள் அடைபட்டன. பிரயன் ஃப்ரீலின் ‘டிரான்ஸ்லேஷன்ஸ்’ நாடகம் வழியாக இவ்வரலாறு இந்திய வகுப்பறைகளுக்கும் அறிமுகமானது. ஆனால் அந்த நிலஅளவைக்காக ஊர் ஊராக நடந்து, முதியோரிடம் கேட்டு, ஐரிஷ் வடிவத்தையும் குறித்துவைத்தவர் ஜான் ஓ’டோனவன் என்னும் ஐரிஷ் அறிஞர் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பெயரைச் சிதைத்த அதே திட்டம், அதை மீட்பதற்கான சான்றையும் விட்டுச்சென்றது.

1970களில் வட அயர்லாந்தின் அஞ்சல்துறை, டவுன்லேண்ட் பெயருக்குப் பதிலாகச் சாலைப்பெயரையும் வீட்டு எண்ணையும் முகவரியாக்க முனைந்தது. வன்முறை உச்சத்தில் இருந்த காலம் அது. நாட்டின் பெயர் என்ன என்பதில்கூட உடன்பட முடியாத கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும், தத்தம் வயற்புறத்தின் பெயரைக் காப்பதில் ஒரே பக்கம் நின்றனர். ஃபெர்மனா கவுண்டியில் அப்பெயர்கள் முகவரிகளில் நிலைத்தன. மரபான பிரிவு எது என்று கேட்போர் வரைபடத்தின் மேலடுக்கை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பெயர் அழியப்போகிறது என்றபோது யார் யார் எழுந்து வந்தனர் என்று பார்த்தாலும் போதும்.