நாலு நாளில் காற்று படியுமா?

பெரிய காத்தாடி ஒன்றை இடுப்போடு பூட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு கடல்மேல் வழுக்கிப் போகும் விளையாட்டுக்குக் கைட்சர்ஃபிங் என்று பெயர். விடுமுறைக்கு வரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது இந்த ஆசை பிடித்திருக்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடி, இலங்கையில் கற்பிட்டி என்று ஊர்ப்பெயர்களை அடுக்குகிறார்கள். ஆசையில் ஒரு தப்பும் இல்லை. என் சண்டை மூன்று பேரோடு. நாலு நாள் தங்கினால் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று விற்கிறவர்கள் ஒரு பக்கம். ஒன்றும் விசாரிக்காமல் முன்பணம் கட்டும் பெற்றோர் இன்னொரு பக்கம். "வெள்ளைக்காரன் விளையாட்டு நமக்கெதற்கு" என்று ஒரே வார்த்தையில் தட்டிவிடும் என் வயதுக்காரர்கள் மூன்றாவது.

என் பேத்திக்குப் பத்தொன்பது வயது, பிரான்சில் படிக்கிறாள். வரும் ஜூலை வக்கான்ஸில் நாலு நாள் இதற்காகவே ஒதுக்கியிருக்கிறாள். மாப்பிள்ளை பாதிப் பணம் கட்டியாயிற்று. நான் தடுப்பேன் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கேட்டது விண்ணப்பப் படிவத்தை மட்டும்தான். முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்த குமாஸ்தா நான். எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். முதல் பக்கத்தில் "முற்றிலும் பாதுகாப்பானது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், காயம், உயிரிழப்பு, பிறருக்கு நேரும் சேதம் எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்று இருந்தது. கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. இரண்டு பக்கத்தையும் எழுதியது ஒரே ஆள்தான். எதை நம்பி எழுதினார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் காத்தாடி என்றால் செர்-வோலான். எழுத்துக்கு எழுத்து சொன்னால் பறக்கும் மான். கடலில் விழுந்தாலும் மறுபடி எழுப்பக்கூடிய, காற்றடைத்த காத்தாடிக்குக் காப்புரிமை வாங்கியவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த புருனோ, தொமினிக் லெகெஞ்ஞூ என்ற சகோதரர்கள் 1984-இல் அதைப் பதிவு செய்தார்கள். விப்பிகா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது 1997-இல். கடலிலேயே வளர்ந்தவர்களுக்குப் பதின்மூன்று வருடம் பிடித்த வேலை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இதன் ஒரு வகை பந்தயமாகவே நடந்தது, மர்செய் கடலில். ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம். பாடம் படித்து ஏற வேண்டிய வித்தை.

கற்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்றின் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் காத்தாடியின் இழுவை நாலு மடங்காகும். காலையில் பத்து நாட்டில் விளையாட்டாக இழுத்தது, மதியம் இருபது நாட்டில் ஆளைத் தூக்கி மணலில் அடிக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கயிறுகளின் நீளம் இருபது மீட்டருக்கு மேல். அத்தனை தூரத்துக்குள் இருக்கும் மரம், கம்பி, கட்டுமரம், குளிக்கிற குழந்தை எல்லாமே ஆபத்தில் இருக்கிறது. வலி கற்கிறவருக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. இறுகிய கயிறு அடுத்தவரையும் அறுக்கும்.

அடுத்தது காற்றின் திசை. நம் மீனவர்களைக் கேளுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பெயர் சொல்லியே அதன் குணத்தைச் சொல்வார்கள். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கரையில் அது ஆளைக் கரைக்குத் தள்ளும். வடகரையிலோ கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் அங்கே தட்டையாக, கண்ணுக்கு அழகாக இருக்கும், புதிதாக வருகிறவர் அதில்தான் மயங்குவார். மீட்புப் படகு எஞ்சின் ஓடும் நிலையில் நிற்காத இடத்தில், கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கற்பவர் இறங்கவே கூடாது.

மூன்றாவது, கையை விடும் பழக்கம். பயந்தால் மனிதன் கையில் இருப்பதை இறுகப் பிடிப்பான். இந்த விளையாட்டில் பிடிகம்பியை இறுகப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தால் காத்தாடி இன்னும் வேகமாக இழுக்கும். விட்டால் இழுவை குறையும். அதற்கும் அடங்காவிட்டால் அவசர விடுவிப்பைத் தட்ட வேண்டும், அதற்கும் மேலே போனால் கடைசிக் கயிற்றையும் கழற்றிக் காத்தாடியையே விட்டுவிட வேண்டும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும்வரை கரையிலேயே பழக வேண்டும். பலகை அப்புறம். பலகை இல்லாமல் காத்தாடி இழுக்க நீரில் உடம்போடு போய்த் திரும்பிவரப் பழகுவதும் பாடத்தில் ஒரு பகுதி. நீச்சல் தெரிய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இதற்கெல்லாம் பொதுவாகப் பத்து மணி நேரப் பாடமாவது ஆகும். அதுவும் தட்டுத்தடுமாறி நிற்பதற்கு. புறப்பட்ட இடத்துக்கே காற்றை எதிர்த்துத் திரும்பி வருகிறவர்தான் கற்றவர், அதற்கு இன்னும் பல நாள் பிடிக்கும். நாலு நாளில் இரண்டு நாள் காற்று வராமல் போனால்? விற்கிறவர் நாலு நாளைக்குள் முடிக்கப் பார்ப்பார், பிள்ளையும் கொடுத்த காசுக்கு இறங்கப் பார்ப்பாள். வரக்கூடாத நேரத்தில் தண்ணீரில் இறங்குவது இப்படித்தான்.

"பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்" என்று ஒரு நண்பர் சொன்னார். பயமுறுத்தவில்லை ஐயா, விசாரிக்கச் சொல்கிறேன். பிரான்சில் காசு வாங்கி விளையாட்டு கற்பிப்பவரிடம் அதற்கான தகுதிச் சான்று இருக்க வேண்டும், விளையாட்டுக் கிளப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே சட்டம் கேட்கும் கேள்வியை இங்கே நாம் கேட்டால் என்ன குறைந்துவிடும்? வெள்ளைக்காரன் விளையாட்டு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாய்மரம் கட்டிக் காற்றைப் பிடித்த கரை இது. காற்று எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை.

ஆகவே தாத்தா பாட்டிமார்களே, பேரப்பிள்ளை வந்து கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லி வாயை மூடாதீர்கள். நம் சொல்லைக் கேட்காமல் போவார்கள், போகும்போது ஒன்றும் தெரியாமல் போவார்கள். தொலைபேசியை எடுத்து நீங்களே கேளுங்கள். பயிற்சியாளரின் சான்று என்ன, எந்த அமைப்பு தந்தது? ஒருவருக்கு எத்தனை மாணவர்? மீட்புப் படகு எங்கே நிற்கும்? அன்றைய காற்று எந்தப் பக்கம்? தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருவார்களா? காற்று வராத நாளுக்குப் பணம் திரும்புமா? பயணக் காப்பீட்டில் இந்த விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, விலக்கியிருக்கிறதா? நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மழுப்புகிறவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.