வலி வருமுன் ஒரு மாத்திரை!

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலைகள் இருக்கின்றன. திருவள்ளூர் வட்டாரத்தில் செங்கல் சூளைகள் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் பளு தூக்கினால்தான் பலருக்குக் கூலி.

இப்படிப் பாடுபடுகிறவர்களை வாட்டும் நோய்களில் ஒன்று குடல் இறக்கம். "ஹெர்னியா" என்பதும் இதுதான். வயிற்றுச் சுவரில் பலம் குறைந்த இடம் வழியாகக் குடல் பிதுங்கும். பளு தூக்கும்போதும் இருமும்போதும் புடைப்பு பெரிதாகும். இது மருந்தால் மூடாது. ஆபரேஷன் செய்துதான் சரிப்படுத்த வேண்டும்.

ஆனால், "கத்தி வைத்தால் வலி தாங்க முடியுமா? எத்தனை நாள் கூலி போகுமோ!" என்று பயந்து தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. இது ஆபத்து. பிதுங்கிய குடல் நெரிபட்டு, ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

முன்கூட்டியே அணை

வலியைக் குறைக்க வழி இருக்கிறது. ஆபரேஷனுக்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுப்பதுதான் அது.

அறுத்த இடத்திலிருந்து வலிச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. தண்டுவடத்துக்குத் தெரியும்! அது ஒருமுறை உசுப்பப்பட்டுவிட்டால், பிறகு லேசாகத் தொட்டாலும் சுரீர் என்று வலிக்கும். ஆகவே வலியை முன்பே தடுக்க வேண்டும் என்று 1988-ல் இங்கிலாந்து விஞ்ஞானி பாட்ரிக் வால் எழுதினார். வெள்ளம் வருமுன் அணை போடுவது போல!

முன்பே கொடுப்பதால் எவ்வளவு கூடுதல் பலன் என்பதில் டாக்டர்களிடையே விவாதம் உண்டு. மாத்திரை வலியை அடியோடு போக்கிவிடாது. ஆனால் நோயாளி கண் விழிக்கும்போதே மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். அறுத்த இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் போட்டால் இன்னும் நல்லது. வலி குறைந்தால் நோயாளி நன்றாக மூச்சு விடுவார். சீக்கிரம் எழுந்து நடப்பார். பாரசிட்டமால் போன்ற மாத்திரை விலையும் மலிவு. அப்படியிருக்க, "வலித்தால் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவது என்ன நியாயம்?

கடையில் வாங்காதீர்கள்!

ஆனால் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் தீங்கு செய்யும். சில மாத்திரைகள் அதிக மயக்கம் தரும். இந்த நோய்கள் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், "வலிக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்கும் ஏழைத் தொழிலாளிக்கு, ஆஸ்பத்திரியே இதை எடுத்துச் சொல்வது கடமை.